பான் எண் மோசடியில் இழப்பு வங்கிக்கு மட்டும் அன்று

"நம் பான் எண்ணைக் கொண்டு வேறொருவர் கடன் வாங்கினால் இழப்பு வங்கிக்குத்தான், நம் கணக்கில் பணம் குறையாதவரை கவலைப்பட ஒன்றுமில்லை, காவல்துறையும் இதைப் புகாராக ஏற்காது" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான நிம்மதியைத் தரக்கூடியது.

நாம் வாங்காத கடனுக்கு நாம் பொறுப்பல்ல என்ற அளவில் மட்டும் அது சரி. ஆனால் அந்தக் கடன், ஒவ்வொருவரின் கடன் விவரங்களையும் தொகுத்து வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் நம் பெயரில்தான் பதிவாகிறது. தவணை தவறத் தவற நம் கடன் மதிப்பெண் சரிந்துகொண்டே போக, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்து மறுக்கப்படும் நாளில்தான் பலருக்கு விவரமே தெரியவருகிறது. வசூல் முகவர்களின் அழைப்புகள், வாங்காத கடனை வாங்கவில்லை என்று நிரூபிக்க எழுத வேண்டிய கடிதங்கள், உறவினரே சந்தேகத்துடன் பார்க்கும் அவமானம் ஆகியவை எந்த வங்கிக் கணக்கிலும் பணக் குறைவாகத் தெரிவதில்லை. இந்த வேதனையை ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை.

புகார் பற்றிய கூற்றும் பிழையே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாகக் கொண்டு, 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இணையவழி நிதி மோசடிக்கு 1930 என்ற உதவி எண்ணும் உண்டு.

கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை நம் கடன் விவரங்களின் முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும். அதில் உள்ள தவறுக்காக நாம் தரும் திருத்தக் கோரிக்கை 30 நாட்களில் தீராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது ரிசர்வ் வங்கியின் விதி.