பார்வை எண்ணிக்கை பையை நிரப்பாது
விவசாயிகள் சமூக வலைத்தளத்தில் தினமும் வீடியோ போட்டால் விளைச்சல் தானாக விற்றுவிடும் என்கிறது ஒரு கட்டுரை. லைக் வரும், ஆர்டர் வருமா? விற்பனைக்கு, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்தான் கைகொடுக்கும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வாடிக்கையாளர் முதல் முறை வாங்கும்போதே உங்கள் எண்ணை அவர் போனில் பதிய வைத்துவிடுங்கள்.

அறுவடைக்கு இரண்டு நாள் முன்பே ரகம், பறிக்கும் நாள், கிலோ விலை, குறைந்தபட்ச அளவு, கிடைக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்றால் யாரும் வரமாட்டார்கள். படத்தில் காய்க்குப் பக்கத்தில் உள்ளங்கை தெரியட்டும், பருமன் புரியும். இதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டிருந்தால், சரக்கு தீர்ந்ததும் அதை அழித்துவிடுங்கள்.