ஹங்கேரிக்காரன் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை

அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரெண்டு நாளாக என் டைம்லைன் முழுக்க அதுதான். எடிசன் வில்லன், டெஸ்லா ஹீரோ, தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸ் காசு போட்டார், உலகத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாம்.

"தம்பி, அது ஹங்கேரியில், புடாபெஸ்டில் கான்ஸ் கம்பெனியில் செய்தது" என்று கீழே ஒரே ஒரு வரி எழுதினேன். "ஹங்கேரிக்காரன் உங்க மாமனா மச்சானா அங்கிள்?" என்று பதில் வந்தது. அதற்கு இருநூறு பேர் சிரிப்பு போட்டிருக்கிறார்கள். அதில் நம்ம நண்பர்கள் நாலு பேர். பார்த்தேன்.

சரி, மாமன் இல்லை. ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் புடாபெஸ்டில்தான் செய்தது.

ஆப்ரகாம் கான்ஸ் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து பூடாவில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பாதி) வார்ப்படப் பட்டறை போட்டவர். ரயில் சக்கரம் வார்த்த கம்பெனி அது. அவர் இறந்த பிறகு, 1878இல், அங்கே மின்சாரப் பிரிவு தொடங்கினார்கள். பொறுப்பு சிப்பெர்னோவ்ஸ்கி. அப்புறம் டேரியும் பிளாத்தியும் சேர்ந்தார்கள். பிளாத்தி படித்தது மெக்கானிக்கல். 1885 மே மாதம் புடாபெஸ்ட் கண்காட்சியில் இவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஆயிரத்துக்கு மேல் பல்பு எரியவிட்டபோது அவருக்கு வயது 24. 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற பேரே அவர் வைத்ததுதான். 1884இல் வெளியே போன முதல் பீஸ் வெறும் 1400 வாட். இன்றைக்கு உங்கள் வீட்டு கெய்சர் அதைவிடப் பெரிசு.

"இதன் அடிப்படைத் தத்துவத்தை ஃபாரடே 1831இலேயே சொல்லிவிட்டாரே" என்பீர்கள். சொன்னார். அரிசி இருந்தால் இட்லி வந்துவிடுமா?

"பிரான்சின் கோலாரும் இங்கிலாந்தின் கிப்ஸும் முன்னாடியே செய்தார்களே?" இது நியாயமான கேள்வி. செய்தார்கள். ஆனால் அவர்களுடைய கோர், அதாவது காயில் சுற்றுகிற இரும்பு, இரண்டு முனையும் திறந்தது, இணைப்பும் சீரீஸில், ஒன்றன்பின் ஒன்றாக. பக்கத்து வீட்டுக்காரர் விளக்கை அணைத்தால் நம் வீட்டில் வோல்டேஜ் ஆடும். கோரை மூடி, எல்லாவற்றையும் பேரலலில், தனித்தனிப் பாதையாகப் போட்டது கான்ஸ்காரர்கள். இன்றைக்கும் உங்கள் தெருமுனையில் நிற்பது அந்த ஏற்பாடுதான். வெஸ்டிங்ஹவுஸுக்காக ஸ்டான்லி என்ற இன்ஜினியர் 1886இல் அமெரிக்காவின் கிரேட் பாரிங்டனில் செய்து காட்டினார். கோருக்கான இரும்புத் தகட்டை ஆங்கில 'E' வடிவில் வெட்டி அடுக்கினால் வேலை சுலபம் என்று கண்டதும் அவர்கள் பக்கம்தான். மறுக்கவில்லை. ஆனால் அது அடுத்த வருஷம்! வீட்டுச் சுவரில் சக்கரம் சுற்றிய பழைய மீட்டரின் மூலமும் பிளாத்தியின் 1889 காப்புரிமைதான். அதற்கு யாராவது பிஜிஎம் போட்டார்களா?

"இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று இன்பாக்ஸில் ஒருத்தர் கேட்டார்.

எங்கப்பா எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். முப்பது வருஷம். வார்னிஷ் வாசனை எங்கள் வீட்டுத் தலையணையில்கூட இருக்கும். ஒரு மில்லில் பெரிய மோட்டார் எரிந்து ஓட்டம் நின்றது. ரெண்டு ராத்திரி தூங்காமல் கட்டிக் கொடுத்தார். காயிலுக்கு இன்சுலேஷனாக வைக்கும் லெதராய்டு பேப்பர் அறுத்த விரலோடுதான் மூன்றாம் நாள் சோறு பிசைந்தார். ஆயுத பூஜையன்று மேடையில் நன்றி சொன்னார்கள், சென்னையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன இன்ஜினியருக்கு. அப்பா கடைசி வரிசையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்று கைதட்டினார். நானும் தட்டினேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஹங்கேரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். சிப்பெர்னோவ்ஸ்கி, டேரி, பிளாத்தி மூன்று பேருக்காவது காப்புரிமைப் பத்திரத்தில் பேர் இருக்கிறது. அந்த 1400 வாட் காயிலைக் கையால் சுற்றியவன் யாரென்று நீங்களே தேடிப் பாருங்கள்.

அப்பா கட்டிய ஒவ்வொரு மோட்டாரிலும் மூடியின் உள்பக்கம் பென்சிலால் தேதியும் 'க' என்று ஓர் எழுத்தும் இருக்கும். அடுத்த தடவை எரிந்து யாராவது கழற்றினால்தான் தெரியும்.