டிவிடியில் இருக்கும் பூட்டை மறந்துவிட்டீர்கள்

"காசு கொடுத்து வாங்கிய டிவிடியை ஐபாடுக்கு மாற்றுவது அமெரிக்காவில் சட்டப்படி சரி, சிடியிலிருந்து பாட்டு ஏற்றுவது மாதிரிதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஒப்பீடு பொருந்தாதுங்க. சாதாரண பாட்டு சிடியில் நகலெடுக்க விடாத டிஜிட்டல் பூட்டு கிடையாது. கடையில் விற்கும் பட டிவிடிகள் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற பூட்டோடு வருகின்றன. 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு, அந்தப் பூட்டை உடைப்பதையே தடுக்கிறது. வட்டு என்னுடையது என்று சொன்னால் எடுபடாது.

ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த, டிவிடியைக் கணினியில் நகலெடுக்கும் ரியல்டிவிடி மென்பொருளையே பாருங்கள். எடுத்த நகலுக்கு அது இன்னொரு பூட்டும் சேர்த்துப் போட்டது. அப்படியும் 2009 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் விற்பனைக்கு இடைக்காலத் தடை போட்டது. 2012-இல், சொந்த டிவிடியை வேறு கருவியில் பார்ப்பதற்கு இந்த 1201-ஆம் பிரிவிலிருந்து விதிவிலக்கு கேட்டார்கள், அதுவும் கிடைக்கவில்லை.

ரயிலில் குழந்தைக்குக் காட்ட ஒரே படத்தை இரண்டு தடவை வாங்கச் சொல்வது எனக்கும் அநியாயமாகத்தான் படுகிறது. அதற்காக, சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்லி யாரையும் நம்பவைக்கக் கூடாது. கல்யாண வீடியோ டிவிடி என்றால் கவலை வேண்டாம்; அதில் பொதுவாக இந்தப் பூட்டு இருக்காது, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு எம்பி4 கோப்பு ஆக்க 1201 குறுக்கே வராது.