கால்பேக் மீது விழும் பழி

சனிக்கிழமை இணையக் கூட்டத்தில் நடந்தது இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வருக்குள் ஏற்றும் ஓர் எக்ஸ்டென்ஷனை, அதாவது கூடுதல் நிரலை, எழுதிய ஒருவர், சர்வரின் அமைவுக் கோப்பை (கான்ஃபிக்) மாற்றி ரீலோட் செய்ததும், அதாவது சர்வரை நிறுத்தாமல் கோப்பை மறுபடி படிக்கச் சொன்னதும், தங்கள் சர்வர் விழுந்ததைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். பேசியவர் யார், எந்த நிறுவனம் என்பதும் எனக்கு முக்கியமில்லை. "கான்ஃபிக் படிக்கும்போது கால்பேக் ஓட்டுவதே தவறான வடிவமைப்பு, போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்ததால்தான் எங்கள் சர்வர் விழுந்தது" என்று திரையில் ஒரு வரி வந்ததும், கைதட்டும் சின்னங்கள் வரிசையாக மேலே பறந்ததும், நான் குறுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டதற்கு "சார், அதெல்லாம் பழைய பாடம், நேரமில்லை" என்று பதில் வந்ததும்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கின்றன.

நான் கேட்டது இவ்வளவுதான்: "நெட்வொர்க் இணைப்பைத் திறக்கும் வேலையை எந்த ஹூக்கில் வைத்தீர்கள்?" கால்பேக் என்றால், ஒன்று நடக்கும்போது அழைக்கச் சொல்லி முன்கூட்டியே கொடுத்து வைக்கும் செயற்கூறு. அமைவுகளுக்கான கால்பேக்கை போஸ்ட்கிரெஸில் ஹூக் என்பார்கள். என் கேள்விக்குப் பதில் அவர்கள் காட்டிய நிரலிலேயே இருந்தது. அசைன் ஹூக்கில் வைத்திருந்தார்கள். அமைவாகக் கொடுக்கப்பட்ட முகவரிக்கு அங்கேயே இணைப்பு திறப்பது, திறக்க முடியாவிட்டால் அங்கேயே பிழை எழுப்புவது. போஸ்ட்கிரெஸில் ஒரு புதிய மதிப்பை மறுக்கும் இடம் வேறு, ஏற்ற மதிப்பை அமல்படுத்தும் இடம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி செயற்கூறுகள் இருக்கின்றன: முன்னது செக் ஹூக், பின்னது அசைன் ஹூக். செக் ஹூக் "இந்த மதிப்பு வேண்டாம்" என்று சொல்லலாம். அசைன் ஹூக் அப்படிச் சொல்லவே கூடாது, ஏனென்றால் அது எதையும் திருப்பித் தருவதில்லை, தோல்வி என்று தெரிவிக்க அதற்கு வழியே வைக்கப்படவில்லை. வழி வைக்காமல் விட்டதே ஒரு செய்தி என்பது நிரல் எழுதுகிறவர்களுக்குப் புரிய வேண்டாமா?

"பழைய பாடம்" என்று சொன்னதால் பழைய கதையையே சொல்லிவிடுகிறேன். 2011க்கு முன்பு போஸ்ட்கிரெஸிலும் இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன. ஒரே அசைன் ஹூக். அதற்கு ஒரு பூலியன் அளவுரு. அது பொய் என்றால் சரிபார்த்துவிட்டு நில், மெய் என்றால் அமல்படுத்து. அந்த ஆண்டு ஏப்ரலில், போஸ்ட்கிரெஸை உருவாக்குபவர்களில் ஒருவரான டாம் லேன் அதை இரண்டாகப் பிரித்தார். செப்டம்பரில் வெளியான 9.1 பதிப்பிலிருந்து இந்தப் பிரிவினை நடைமுறையில் இருக்கிறது. செக் ஹூக் சரிபார்க்கும்போது கணக்கிட்டுப் பெற்ற கூடுதல் தரவை அசைன் ஹூக்கிற்கு ஒப்படைக்கவும் அப்போதே வழி செய்யப்பட்டது. நேர மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த பெயரில் நேர மண்டலம் இருக்கிறதா என்று தேடுவதும் அதற்கான தரவை ஏற்றுவதும் செக் ஹூக்கில் முடிந்துவிடும். அசைன் ஹூக்கிற்கு மிஞ்சுவது, தயாராக வந்த சுட்டியை (அந்தத் தரவு நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயின்டரை) வாங்கி வைத்துக்கொள்வது மட்டும்தான். தோற்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஏன் இத்தனை கறார்? ரோல்பேக்தான் காரணம், அதாவது தோற்றுப்போன ஒரு டிரான்சாக்‌ஷனின் (முழுதாக நிறைவேற வேண்டிய, இல்லையேல் முழுதாக ரத்தாக வேண்டிய கட்டளைத் தொகுப்பின்) மாற்றங்களைத் திரும்பப் பெறுவது. ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓர் அமைவை மாற்றுகிறீர்கள், பிறகு அந்த டிரான்சாக்‌ஷன் தோற்றுப் போகிறது என்றால், பழைய மதிப்பு திரும்ப வர வேண்டும். அதற்கும் அசைன் ஹூக்தான் ஓடும். அந்த நேரத்தில் டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் கேட்டலாக் அட்டவணைகளைப் படிக்கக்கூட முடியாது, ஏற்கெனவே ஒரு பிழையிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் கட்டம் அது. அங்கே போய் இன்னொரு பிழையை எழுப்பினால், திரும்ப வேண்டிய மற்ற அமைவுகள் திரும்பாமலே போகலாம். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பவர்கள் நிச்சயத்திற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். கெட்டிமேளம் கொட்டும்போது எழுந்து நின்று "ஒரு சந்தேகம்" என்றால் மண்டபத்தில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கும்.

அவர்களுடைய சர்வர் ஏன் விழுந்தது என்பதையும், மேடை தராவிட்டாலும், இங்கே சொல்லிவிடுகிறேன். அமைவுக் கோப்பை மாற்றிவிட்டு ரீலோட் செய்தால் முதலில் தாய் புராசஸான (மற்ற புராசஸ்களைத் தொடங்கி வைத்துக் கவனிக்கும் நிரலான) போஸ்ட்மாஸ்டருக்கு, கோப்பை மறுபடி படி என்று சொல்லும் சிக்ஹப் சிக்னல் போகிறது. அது கோப்பைப் படிக்கிறது, இணைப்புக்கு ஒன்றாக ஓடும் புராசஸ்கள் உட்பட தன் பிள்ளைப் புராசஸ்கள் எல்லாவற்றுக்கும் சிக்னலை அனுப்புகிறது, அவையும் ஒவ்வொன்றாகத் தாங்களே கோப்பைப் படிக்கின்றன. சர்வர் தொடங்கும்போதே ஏற்றப்படும் எக்ஸ்டென்ஷன் என்றால் அதன் ஹூக் போஸ்ட்மாஸ்டருக்குள்ளும் ஓடும். சாதாரண இணைப்பில் எழும் பிழையைப் பிடித்து, அந்த வினவலை மட்டும் கைவிட்டு, மேலே தொடர ஏற்பாடு இருக்கிறது. போஸ்ட்மாஸ்டரில் அப்படிப் பிடிக்கும் ஏற்பாடு கிடையாது. அங்கே எழும் சாதாரணப் பிழையே மரணப் பிழையாக உயர்த்தப்பட்டு, புராசஸ் வெளியேறிவிடும். தாய் போனால் எல்லாம் போயிற்று. எதிர்முனையில் இருந்த சர்வர் பதிலளிக்கவில்லை, அசைன் ஹூக் பிழை எழுப்பியது, போஸ்ட்மாஸ்டர் விழுந்தது. இதில் கால்பேக் செய்த குற்றம் எங்கே இருக்கிறது? எழுதியபடி ஓடியது, அவ்வளவுதான்.

இதே சரிபார்ப்பைச் செக் ஹூக்கில் வைத்து, காரணத்தைச் சொல்லிவிட்டு "இல்லை" என்று திருப்பியிருந்தால், ரீலோட்டின்போது அந்த ஒரு மதிப்பு மட்டும் ஒதுக்கப்பட்டு, பிழையால் பாதிக்கப்படாத மற்ற மாற்றங்கள் அமலாகிவிட்டன என்று லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) ஒரு வரி விழுந்திருக்கும், சர்வரும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். இதைச் சொன்னால் உடனே சிலர் இணைப்பு திறப்பதைச் செக் ஹூக்கிற்கு மாற்றிவிட்டால் போதும் என்று கிளம்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போதாது. செக் ஹூக் ஓடியது என்பதற்காக அந்த மதிப்பு அமலாகப் போகிறது என்று பொருளில்லை. அமைவைக் கோப்பில் எழுதி மட்டும் வைக்கும் ஆல்டர் சிஸ்டம் கட்டளையிலும் அது ஓடும், ஒரு ரோலுக்கு (டேட்டாபேஸ் பயனர் கணக்குக்கு) அமைவு எழுதி வைக்கும்போதும் ஓடும். 9.5இல் வந்த, கோப்பிலுள்ள அமைவுகளில் எது செல்லும் எது செல்லாது என்று காட்டும் வியூவை (அட்டவணை போலப் படிக்கக்கூடிய பட்டியலை) யாரோ வெறுமனே பார்த்தாலும் ஓடும். ஆகவே முகவரியின் வடிவம் சரியா என்று பார்ப்பதோடு செக் ஹூக் நிற்க வேண்டும். உண்மையில் இணைப்பது இரண்டு ஹூக்கிலும் சேராத வேலை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைவிட வினோதமாக நடந்தது. மெதுவாக ஓடும் வினவல்களை லாகில் எழுதும் கால வரம்பை யாரோ சற்றுக் குறைத்துவிட்டு ரீலோட் செய்தார்கள். அதோடு சம்பந்தமே இல்லாத பில்லிங் திரைகள் திணற ஆரம்பித்தன. லாக் எழுதுவதால் வந்த சுமை என்று அந்தக் கால வரம்பையே எல்லோரும் சந்தேகித்தார்கள். கடைசியில் பார்த்தால், யாரும் தொடாத வேறோர் எக்ஸ்டென்ஷனின் அசைன் ஹூக் வெளியே இருந்த ஒரு கண்காணிப்பு சர்வருக்கு இணைப்பு திறந்துகொண்டிருந்தது. தொடாத அமைவின் ஹூக் ஏன் ஓடியது என்று அன்று என்னிடம் கோபமாகக் கேட்டார்கள். ரீலோட் என்றால் கோப்பு முழுவதும் மறுபடி படிக்கப்படுகிறது. மதிப்பு பழையதே என்றாலும் கோப்பில் இருக்கும் அமைவுக்கு ஹூக் ஓடுகிறது. ஒவ்வோர் இணைப்பும் தனக்கு அடுத்து வரும் கட்டளையை நிறைவேற்றும் முன்பு கோப்பைப் படிக்கும் என்பதால், எத்தனை இணைப்புகள் திறந்திருந்தனவோ அத்தனை முறை வெளிச் சர்வரின் கதவு தட்டப்பட்டது. அங்கேயும் கடைசியில் எழுதிய அறிக்கையில் காரணம் என்று குறிக்கப்பட்டது "போஸ்ட்கிரெஸ் ரீலோட்" என்பதுதான். ஹூக்கைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த பத்தி எப்படியோ காணாமல் போயிருந்தது.

"இத்தனை சிக்கல் எதற்கு, தேவைப்படும் இடத்தில் மதிப்பைப் படித்து ஒரு இஃப் போட்டால் முடிந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. சிறிய நிரல்களுக்கு அது முழுக்கச் சரி, அதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் தவறான மதிப்பைக் கொடுத்தவர், கொடுத்த அந்த நொடியிலேயே அது தவறு என்று அறிய வேண்டுமா, அல்லது மூன்று வாரம் கழித்து நள்ளிரவில் அந்த இஃப் முதன்முதலாக ஓடும்போது வேறு யாரோ அறிய வேண்டுமா என்பதுதான் கேள்வி. படிக்கும்போதே கால்பேக் ஓட்டுவதன் பயன் அது ஒன்றுதான், அது சிறிய பயன் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும் மாட்யூல் (அதற்குள் ஏற்றும் தனிப் பகுதி) அளவுருவுக்கு இப்படிச் செயற்கூறுகளை இணைக்கலாம். கெர்னலின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில் இருக்கும் அந்த அளவுருக் கோப்பில் நீங்கள் எழுதும் கணத்தில் அது ஓடி, மதிப்பு செல்லாது என்றால் எழுதியவர் கையிலேயே பிழையைத் திருப்பித் தருகிறது. கெர்னலை எழுதியவர்கள் எல்லோருமே தவறான வடிவமைப்பாளர்கள் என்று அடுத்த கூட்டத்தில் யாராவது சொன்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

"கிட் பாருங்கள், அங்கே எல்லாமே ஒரே கால்பேக்தானே" என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில், அமைவுகளைப் படிக்கப் படிக்க ஒவ்வொரு சாவிக்கும் மதிப்புக்கும் கால்பேக் அழைக்கப்படுவது உண்மை. ஆனால் அங்கே கணினி முழுவதற்குமான கோப்பு, பயனருக்கான கோப்பு, அந்தக் களஞ்சியத்துக்கான கோப்பு என்று வரிசையாகப் படிக்கப்படுவதால் ஒரே சாவி பல முறை வரும். பெரும்பாலான அமைவுகளுக்குக் கடைசியில் வந்ததே செல்லும். அதனால் கால்பேக் மதிப்பைக் குறித்து வைப்பதோடு நின்றுகொள்ள வேண்டும். முதல் மதிப்பைக் கண்டதும் வேலையில் இறங்கினால், அடுத்த கோப்பு மாற்றி எழுதப் போகும் ஒன்றுக்காக வேலை செய்திருப்பீர்கள். நண்பர் எனக்கு எதிராகக் கொண்டுவந்த உதாரணம் என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

"ஆவணத்தில் இதெல்லாம் தெளிவாக இல்லை" என்பது மட்டுமே நான் ஓரளவு ஏற்கக்கூடிய எதிர்ப்பு. ஹூக்குகளைப் பற்றிய விரிவான விளக்கம் மூலநிரலுக்குள் கிடக்கும் ஒரு ரீட்மீ கோப்பில்தான் இருக்கிறது, அங்கே போய்த் தேட வேண்டும் என்று புதியவருக்குத் தோன்றாதுதான். ஆனால் சி மொழியில் எழுதி டேட்டாபேஸின் வயிற்றுக்குள் ஏற்றப் போகிற நிரலுக்கு, அந்தக் கோப்பை ஒரு முறை படிப்பது கூடவா பெரிய எதிர்பார்ப்பு? அசைன் ஹூக் ஓடும்போது மாறியில் இன்னும் பழைய மதிப்பே இருக்கும், புதிய மதிப்பு ஆர்கியுமென்ட்டாகத்தான் வரும் என்பதும் அதே கோப்பிலிருந்து தெரியும். கூட்டத்தில் காட்டிய நிரல் மாறியைத்தான் படித்தது. அதாவது, சர்வர் விழாத நாட்களில்கூட அது பழைய முகவரிக்கே இணைந்துகொண்டிருந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தவர்கள் கைதட்டும் சின்னத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதாக ஷோ ஹூக் என்று ஒன்று இருக்கிறது, மதிப்பைக் கேட்கும்போது ஓடுவது. அதே கணினியிலிருந்து சர்வரோடு இணைவதற்கான சாக்கெட் கோப்பின் அனுமதிகளை நமக்குப் பழக்கமான எண்ம (ஆக்டல்) வடிவில் காட்டுவதற்கு அது பயன்படுகிறது. சர்வர் இப்போது ஹாட் ஸ்டாண்ட்பையாக (முதன்மைச் சர்வரைப் பின்தொடர்ந்தபடி, படிக்க மட்டும் அனுமதிக்கும் மாற்றுச் சர்வராக) இருக்கிறதா என்று காட்டும், 14ஆம் பதிப்பில் வந்த அமைவோ, கேட்கும் நேரத்து நிலையை அப்போதே பார்த்துச் சொல்கிறது. நல்ல வசதி. எல்லா அமைவுகளையும் பட்டியலிடும் வியூவை ஒரு கண்காணிப்புக் கருவி அடிக்கடி படித்துக்கொண்டிருக்கும் என்பதை மறந்து, இதற்குள்ளும் யாராவது நெட்வொர்க்கைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வைத்துவிட்டு, பழியை மறுபடியும் கால்பேக் மீதே போடுவார்கள்.

"ஓர் இளைஞர் துணிந்து தன் அனுபவத்தைப் பகிர்ந்தால் அவர் மீது பாய்வதா" என்று கேட்பீர்கள். பாயவில்லை. அனுபவத்தைப் பகிரட்டும், அதற்கு நானும் கைதட்டுவேன். ஆனால் தங்கள் நிரலில் இருந்த ஓட்டையைத் தங்கள் நிரலில் இருந்த ஓட்டை என்று சொல்லட்டும். பல ஆண்டுகளாக நிரல் மதிப்பாய்வில் "இங்கே தோற்கக்கூடிய வேலை வேண்டாம்" என்று எழுதி எழுதி, பதில் ஏதும் இல்லாமல் "தீர்க்கப்பட்டது" என்று குறியிட்டு மூடப்பட்ட குறிப்புகள் எனக்கு ஏராளம் உண்டு. நான் எழுதுவது யாருக்கும் பிடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. வேகமாக ஓடுகிறவர்களுக்கு நடுவே நின்று "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறவன் எரிச்சலைத்தான் சம்பாதிப்பான். ஆனாலும், பொறுக்காமல் ஓடி விழுந்த பிறகு தரையைக் குற்றம் சொல்லும் கூட்டத்தில் "பழைய பாடம்" என்று பெயர் வாங்குவது வலிக்கத்தான் செய்கிறது.

போஸ்ட்கிரெஸ் தன்னுடைய சொந்த வேலையிலேயே இந்த ஒழுங்கைப் பின்பற்றுகிறது. ஓர் இணைப்புக்குச் சிக்ஹப் வந்ததும் சிக்னல் கையாளி கோப்பைத் திறப்பதே இல்லை. ரீலோட் பாக்கி இருக்கிறது என்று ஒரு கொடியை (ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் மாறியை) ஏற்றிவிட்டு, புராசஸை எழுப்பிவிட்டுத் திரும்பிவிடுகிறது. கோப்பைப் படிப்பது பாதுகாப்பான இடத்தில், கட்டளைகளை எதிர்பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும் முதன்மைச் சுழலில். அந்த எக்ஸ்டென்ஷனும் இதையே செய்யலாம். செக் ஹூக் முகவரியின் வடிவத்தைப் பார்க்கட்டும். அசைன் ஹூக் ஒரு கொடியை ஏற்றட்டும். பின்னணிப் புராசஸ் தன் சுழலில் அந்தக் கொடியைப் பார்த்து, இணைப்பைத் திறந்து, முடியாவிட்டால் லாகில் எழுதிவிட்டுச் சற்று நேரம் கழித்து மறுபடி முயலட்டும். மூலநிரல் பொதுவில் இருப்பதால், கூட்டம் முடிந்த இரவே உட்கார்ந்து இப்படித் திருத்தி அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. நிறைய இணைப்புகள் திறந்திருக்கும் ஒரு சோதனைச் சர்வர் கைவசம் உள்ளவர்கள், எதிர்முனையை அணைத்து வைத்துவிட்டு இரண்டு வடிவங்களையும் ரீலோட் செய்து பார்த்து, லாகில் என்ன வந்தது என்பதைப் பின்னூட்டத்தில் ஒட்டினால் உதவியாக இருக்கும்.