34 டிகிரிதானே என்று சொல்லாதீர்கள்

ஏப்ரல் மாசம் டிவியில் வெப்பநிலைப் பட்டியல் ஓடும். வேலூரும் மதுரையும் நாற்பதைத் தாண்டி நிற்கும். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் அந்தப் பட்டியலில் வராது, வந்தாலும் 34, 35. உடனே வெளியூர்ச் சொந்தக்காரங்க போனில், "உங்களுக்கென்ன, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்" என்பார்கள். போன வருஷம் சித்திரையில் எங்க அப்பா ரப்பர் தோட்டத்துக்குள் மயங்கி விழுந்த பிறகு, இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு 63 வயசு. குலசேகரம் பக்கம் பால்வெட்டு, அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடியக்காலை நாலு மணிக்கு நெத்தியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ராத்திரிக் குளிர்ச்சியில்தான் மரப்பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறி, இலை வழியாகத் தண்ணீர் போகப் போக அழுத்தம் இறங்கி, பால் நின்றுவிடும். மார்கழிக் குளிரில் வெட்டிய மரம் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சித்திரையில் அப்பா பால் பிடிக்கிற சிரட்டையைத் தூக்கிக் காட்டி, "மோளே, பாரு, கால் சிரட்ட தேறாது. ராத்திரி குளுந்தாத்தானே மரமும் பால் தரும்" என்றார். வெட்டிய கோட்டிலேயே பால் பாதி வழியில் உறைந்து வெள்ளை நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு ரெண்டாம் நாள் விழுந்தார். காலை ஏழரை மணி, மரநிழல். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், அப்படி நனைந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில், "தோட்டத்துக்குள்ள, இந்த நேரத்துல வெயில் எப்படிம்மா அடிக்கும்?" என்று கேட்டார்கள். பசி மயக்கம் என்று எழுதி, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். முந்தைய மூன்று ராத்திரி ஃபேனுக்குக் கீழேயும் கண்மூடாமல் புரண்டாரே, அதை யாருமே கேட்கவில்லை.

வியர்வை வந்தால் போதாது, அது காய வேண்டும். காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மதுரையில் மண்பானைத் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கிறது, நம்ம ஊரில் அதே பானை ஏன் அப்படிக் குளிர்வதில்லை? காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது, பானை கசிகிற தண்ணீரை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. நம்ம உடம்பும் அந்தப் பானைதான். வேலூர்க்காரங்க படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம்ம 34-ஐ அவங்க 34-ஆக எண்ணாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல்படி சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி, அதுவும் வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் பொதுவாக வெப்ப அலை. ராத்திரிச் சூடு வழக்கத்தைவிட ரொம்பக் கூடினால் 'வெப்ப இரவு' என்றும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கும் பகல் 40-ஐத் தொட்டிருக்க வேண்டும். அப்படியானால் நாற்பதைப் பார்க்காத நம்ம ஊருக்கு வெப்ப இரவு என்று ஒன்று ஏட்டில் வரவே வராது! 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் என்றது. நல்ல முடிவு, மனசார வரவேற்றேன். ஆனால் ராத்திரி முழுக்க வெந்து, காலையில் நிழலில் விழுகிற பால்வெட்டுக்காரரும், முந்திரி ஆலையில் வறுக்கிற சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்களும் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

ஏப்ரல் இரண்டாம் வாரம் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வருகிறது. சித்திரை விஷுவுக்குக் கனி கண்டு, மதியம் முற்றத்தில் நின்றால் நிழல் காலடியிலேயே கிடக்கும். அந்தச் சூடு நம்ம தாத்தா காலத்திலும் இருந்ததுதான். அன்றைக்கு ஓட்டு வீடு, பக்கத்தில் வயல், குளம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ரெண்டு போகம் நெல் விளைந்த வயலெல்லாம் இன்று பிளாட். பகலெல்லாம் சூடு குடித்த கான்கிரீட் மேல்தளம், நாம் படுத்த பிறகு அதைத் திருப்பிக் கொட்டுகிறது. இதுபோக, வெப்பமண்டலக் கடல்களிலேயே வேகமாகச் சூடாகிவருவதில் இந்தியப் பெருங்கடலும் ஒன்று. அந்தக் கடலோரத்தில்தானே நாம் இருக்கிறோம். ராத்திரிக் காற்று எப்படிக் குளிரும்?

கடலோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும்போது ஈரப்பதத்தையும் ராத்திரி வெப்பநிலையையும் சேர்த்து எண்ண வேண்டும். பகல் 40 என்ற நிபந்தனையை நமக்கு எடுத்துவிட வேண்டும். மயங்கி வருகிறவரிடம் "ராத்திரி தூங்கினீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் பணமா வேண்டும்?

விழுந்த பிறகும் அப்பா பால்வெட்டை விடவில்லை. நான் அவர் கட்டில் பக்கம் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, அவர் எழும்புகிற நேரம் அது காட்டுவதைக் காலண்டர் தாளில் எழுதி வருகிறேன். நேற்று விடியக்காலை மூன்றரைக்கு 29. உங்கள் வீட்டில் எவ்வளவு? ஊர்ப் பெயரோடு, ஓட்டு வீடா கான்கிரீட்டா என்றும் சேர்த்துக் கீழே போடுங்கள். கலெக்டர் ஆபீஸ் மனுவோடு அந்தத் தாள்களையும் வைக்கப்போகிறேன்.