அந்தோனியாரும் பிளேட்லெட்டும்

நேற்றுச் செவ்வாய். வழக்கம்போல வெள்ளவத்தையில் பஸ் ஏறி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். நாங்கள் சைவக்காரர். கொழும்பில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை; செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் திருநீற்று நெற்றிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் வேலையிடத்து நண்பன் ஒருவன் விடவில்லை. "மச்சான், உன் நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்?"

ஆதாரம் என்றால் 2017தான். அந்த வருடம் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு. அதில் ஒருத்தி என் மகள், ஏழு வயது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் சந்தோஷப்பட்டோம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து என்பது பிறகுதான் தெரிந்தது. இரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட் 22,000க்கு இறங்கியிருந்தது. அம்மா வார்டுக்கு வெளியே வாங்கில் இருந்தபடி அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்த்தி வைத்தார். பக்கத்தில் இருந்த எனக்கு நெஞ்சுக்குள் ஓர் அமைதி இறங்கியது. மறுநாள் காலை 31,000.

நண்பன் சிரித்தான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். அதைத் தாண்டினால் பிளேட்லெட் தானாக ஏறும். நேர்த்தி வைப்பதும் நிலைமை படுமோசமான நேரத்தில்தானே என்றான். உண்மை, என்னிடம் பதில் இல்லை. மணிக்கணக்குப் பார்த்துச் சேலைன் ஏற்றிய தாதியரை விட்டுவிட்டு அந்தோனியாருக்கு மட்டும் நன்றி சொல்வது அநியாயமும்கூட.

ஆனாலும் ஒன்று. சைவ சித்தாந்தம் அறிகிற வழிகளைக் காட்சி (நேரே அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூல் சொல்வதை ஏற்பது) என்று பிரிக்கும். காட்சியிலும் தன்வேதனைக் காட்சி என்று ஒரு வகை உண்டு: இன்பமும் துன்பமும் அவரவருக்கே தெரிவது. அந்த வாங்கில் எனக்கு வந்த அமைதி அந்த வகை. அது பொய் என்று நண்பன் சொல்ல முடியாது, என் பசியை அவன் மறுக்க முடியாதது போல. ஆனால் அதை அனுப்பியவர் அந்தோனியார் என்பது காட்சியில்லை, கருதல். அங்கே நான் தவறியிருக்கலாம். கோயில்களில் சாட்சி சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று அதே கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்தது அதை மாற்றியது. அன்று பிந்திப் போனதால் தப்பிய ஒருவர், "அந்தோனியார்தான் மறித்தார்" என்றார். சொல்லும்போது கை நடுங்கியது. அவரிடம் தர்க்கம் பேச யாருக்கு மனம் வரும்? ஆனால் நேரத்துக்குப் போனவர்களின் உறவுகளும் அதே வரிசையில் நிற்பார்கள். அவர்கள் காதில் அந்தச் சொல் எப்படி விழும்?

2017இல் மகள் இருந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பொடியன், கையில் பிரித் நூல், பௌத்தர்கள் காப்பாகக் கட்டுவது. இரவு அவனை ஐசியூவுக்குக் கொண்டு போனார்கள். காலையில் எங்கள் 31,000 வந்தபோது அவன் தாய் வாங்கில்தான் இருந்தார். அம்மா அவரிடம் கணக்கைச் சொல்லவில்லை, நேர்த்தியைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. கீழே போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.