டெக்சாஸ்காரர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாதாம்

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டெக்சாஸில் ஐஸ் படிந்த மேம்பாலத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி மோதுகின்றன. அதற்குக் கீழே, 'இவர்களுக்கு ஓட்டவே தெரியாது' என்று வரிசையாகச் சிரிப்புகள். சிரித்தவர்களில் பனி கொட்டும் மிச்சிகனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர்களும் உண்டு. எனக்கு வலித்தது.

இது ஓட்டத் தெரியாத விஷயமே அல்ல. உங்கள் ஊரில் விழும் பனியில் டயருக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். டெக்சாஸில் நான் இருக்கும் டாலஸில் இப்படிப்பட்ட நாளில் பெய்வது மழை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைகிறது. அதுவும் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில், ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். கடுங்குளிரில் இறுகிய ஐஸைவிட அது அதிகம் வழுக்கும். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று என்பதால் அவைதான் முதலில் உறையும். இந்த ஊரிலோ எங்கே திரும்பினாலும் மேம்பாலம்.

2021 பிப்ரவரி 11 அதிகாலை, பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் ஐஸ் படிந்த நெடுஞ்சாலையில் 130க்கும் மேற்பட்ட வாகனங்கள் மோதி ஆறு பேர் இறந்தார்கள். அந்தச் சாலையில் ஐஸ் பிடிக்காமல் இருக்க முன்பே உப்புக்கரைசல் தெளித்திருந்தார்கள். சிக்கியவர்களில் பலர் மருத்துவமனை ஊழியர்கள். அவர்களுக்கும் ஓட்டத் தெரியாதா?

வேகமாக வந்தவர்களும் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாமே' என்பவர்களே, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் அந்த வண்டி கிளம்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. குளிர்கால டயரா? ஆண்டில் ஓரிரு நாள் வரும் ஐஸுக்காக இங்கே யார் தனியாக நான்கு டயர் வாங்கி வைப்பார்கள்?

'வீட்டிலேயே இருக்கலாமே' என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மனைவி ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். அப்படி ஒரு காலையில் வர முடியாது என்று தொலைபேசியில் சொன்னாள். 'மற்றவர்கள் வருகிறார்களே' என்றார் மேலாளர். போனாள். மெதுவாகத்தான் ஓட்டினாள். பாலத்தில் கார் தானாகக் குறுக்கே திரும்பிப் பக்கச்சுவரில் இடித்து நின்றது. மணிக்கட்டு எலும்பில் விரிசல். தாமதமாக வந்த நேரத்துக்குச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் ஊர் சுற்றவா போனாள்? சாலையில் இறங்குவதை முடிவு செய்பவர் பல நேரம் ஓட்டுபவர் அல்ல. ஓட்டுபவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், அதனால் சிரிக்கிறீர்கள்.

என் நட்புப் பட்டியலில் மேலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த ஐஸ் எச்சரிக்கை வரும்போது, 'நாளை வரவேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம்' என்று உங்கள் ஆட்களுக்கு முந்தைய இரவே எழுதுவீர்களா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.